எங்கள் வீட்டு வைஃபைக்கு என்ன ஆச்சு?



இந்த மாதச் சுவர் இதழுக்கு 'நான் தீர்த்த ஒரு பிரச்சனை' என்று எழுதச் சொன்னார் தமிழ் ஐயா. என் தோழிகள் மரம் வளர்த்தது, பாட்டியைக் கண் ஆபரேஷனுக்குக் கூட்டிப் போனது என்று நல்ல நல்ல விஷயமாக எழுதுகிறார்கள். நான் எங்கள் வீட்டு வைஃபை பெட்டியைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீங்க. அந்தப் பெட்டியால் 12 நாள் எங்க அப்பா என்னைத் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தார்.

எங்க அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கிறார். முத்தரசநல்லூரில் எங்கள் தெருவில் மட்டும் நாலு வீட்டு அப்பாக்கள் அங்கேதான். வேலை முடிந்து ரூமுக்கு வந்து குளித்துவிட்டு, அங்கே ஒன்பது மணி வாக்கில் வீடியோ காலில் வருவார். நமக்கு அப்போ சாயந்திரம் ஆறரை. முதலில் அம்மாகிட்ட ஐந்து நிமிஷம், அப்புறம் நான், அப்புறம் அப்பாயி. அண்ணன் பாலிடெக்னிக் முடிந்து கிரிக்கெட் ஆடிவிட்டு எட்டரைக்குத்தான் வருவான். அதற்குள் அப்பா தூங்கிவிடுவார், விடியற்காலை எழும்ப வேண்டும் இல்லையா. பகலில் போன் பேசவே முடியாது. அதனால் அந்த ஆறரை மணிதான் எங்களுக்கு அப்பா.

இப்போ என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் நான் 41. காரணம் எல்லாருக்கும் தெரியும். ராத்திரி பதினொன்று வரைக்கும் அம்மா போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். மார்க்கைக் கேட்டதும் அப்பா திட்டவில்லை. ஸ்ரீரங்கத்தில் இருக்கிற எங்க மாமாவுக்குப் போன் போட்டுவிட்டார். மாமா ராஜகோபுரம் பக்கம் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறார். கம்ப்யூட்டர், நெட் எல்லாம் தெரியும். பொங்கலுக்கு முந்தின ஞாயிறு கரும்பு, வாழைத்தார், பச்சரிசி, வெல்லம் என்று அம்மாவுக்குப் பொங்கல் சீர் கொண்டுவந்தவர், போகும்போது ரவுட்டரில் ஒரு பூட்டும் போட்டுவிட்டுப் போனார். ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை நெட் வராது. "பொம்பளப் புள்ள கையில போன் இருக்குக்கா, பாத்துக்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். நான் அப்பாகிட்ட இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இது முக்கியம், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கிலிருந்தே தொல்லை ஆரம்பம். அப்பா ஆறு இருபத்தைந்துக்கு வருவார், அம்மா பேசுவாங்க, போனை என் கையில் கொடுப்பாங்க. "பாப்பா..." என்பார் அப்பா. உடனே படம் அப்படியே நிற்கும், வட்டம் சுற்றும், போயிடும். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். வைஃபை குறி முழுசாக இருக்கும், ஆனால் இணையம் இல்லை என்று வரும். வீட்டில் வைஃபை இருக்கிறதே என்று அம்மா போனுக்கு டேட்டா போடுவது இல்லை, வேலிடிட்டி மட்டும்தான்.

ஒவ்வொரு தடவையும் என் கைக்கு வந்ததும் கட் ஆனால் யார்தான் என்ன நினைப்பார்கள்? "ஏன்டி, எதையாவது நோண்டிட்டியா?" என்றாங்க அம்மா. அப்பா அதைவிட மோசமாக நினைத்துவிட்டார். ஒரு நாள் அம்மா காலையில் போனைப் பார்த்தபோது அப்பா குரலில் ஒரு பதிவு வந்திருந்தது. "பாப்பா, அப்பா மேல கோவம்னா வாயத் தொறந்து சொல்லிடும்மா. இப்படிப் போனைக் கட் பண்ணாத." நான் கட் பண்ணவே இல்லை என்று திருப்பிப் பதிவு அனுப்பினேன். அதற்கு அவர் "சரிம்மா" என்று மட்டும் அனுப்பினார். எங்க அப்பாவுக்கு 'சரிம்மா' என்றால் நம்பவில்லை என்று அர்த்தம்.

கேபிள்காரர் ஒரு மத்தியானம் வந்து பார்த்தார். பச்சை விளக்கு எரிகிறது, சிவப்பு எரியவில்லை, லைனில் கோளாறு இல்லை என்றார். வீடியோ காலுக்கு இந்தப் பிளான் தாங்காது, பெரிய பிளான் போடுங்க என்றார். மத்தியானம் வந்து பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும்! ஆறரைக்கு வாங்க அண்ணே என்று சொன்னால் யார் வருவார்கள்.

காணும் பொங்கலுக்கு எல்லாரும் முக்கொம்பு போனோம். மாமா குடும்பமும் வந்திருந்தது. புளியோதரை சாப்பிட்டுவிட்டு மதகுப் பக்கம் நடக்கும்போது மாமாவிடம் கேட்டேன், "நீங்க என்னதான் மாமா பண்ணீங்க?" மாமா ஆற்றைக் காட்டினார். "இங்க வர்ற வரைக்கும் ஒரே காவிரி. இங்கதான் கொள்ளிடம் தனியா பிரியுது. உங்க வீட்டுக்கு வர்ற ஃபைபர் வயர்தான் ஆறுன்னு வச்சுக்க. ரவுட்டர்தான் முக்கொம்பு. ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியா பிரிச்சு விடுது. நான் உங்க அம்மா போனுக்குப் போற மதகை மட்டும் ஒம்பது மணிக்கு இறக்கி, ஆறு மணிக்குத் தூக்கச் சொல்லியிருக்கேன்." ஆறரைக்கே போகிறதே என்றேன். "அது லைன் பிரச்சனையா இருக்கும். நான் போட்டது ஒம்பது" என்றார். பக்கத்தில் இருந்த அத்தை, "2018 ஆகஸ்டுல இங்க 9 மதகு அடிச்சிட்டுப் போச்சே, அது மாதிரி உன் மதகும் போயிருக்கும்" என்று கிண்டல் செய்தாங்க. மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

மறுநாள் ஞாயிறு. அண்ணனுக்குக் காய்ச்சல், வீட்டில் படுத்திருந்தான். ஆறரைக்கு அம்மா போனில் நெட் போனது. எட்டிப் பார்த்தால் அவன் போனில் பாட்டு ஓடுகிறது! அப்போ லைன் சரி, பிளானும் சரி. அன்றைக்கு அப்பாகிட்ட அண்ணன் போனில் பேசலாம் என்று போட்டோம், அப்பா எடுக்கவில்லை. எங்களைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் படுத்துவிட்டாராம். அம்மா போன்தான் பழுது என்று முடிவு செய்து சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் கொடுத்தோம். 300 ரூபாய் வாங்கிக்கொண்டு சாஃப்ட்வேர் போட்டேன் என்று தந்தார்கள். அன்று சாயந்திரமும் ஆறரை, கட். அந்த 300 ரூபாய் அம்மாவின் மகளிர் குழுவுக்குக் கட்ட வைத்திருந்த பணம்.

அப்புறம்தான் நமது அறிவியல் சார் சோதனைக்கூடத்தில் சொல்வது ஞாபகம் வந்தது. 'முதல்ல பாரு, பாத்ததை எழுது, அப்புறம் பேசு.' ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாலு நாள் எழுதினேன். திங்கள் 6.30. செவ்வாய் 6.30. புதன் 6.30. வியாழன் 6.30. ஒரு நிமிஷம் முன்னே பின்னே இல்லை. புதன்கிழமை அப்பாவுக்கு ஓவர்டைம், அவர் கூப்பிடவே இல்லை. ஆனாலும் 6.30க்குப் போனது. அப்போ வீடியோ காலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை! பழுதான சாமான் இப்படி மணி பார்த்துப் பழுதாகுமா? யாரோ மணி பார்த்து மூடுகிறார்கள் என்றுதானே அர்த்தம்?

திறக்கிற நேரத்தைக் கண்டுபிடித்தது அப்பாயி. அப்பாயிக்கு ராத்திரி தூக்கம் வராது. "விடியக்காலம் மூணரைக்கு உங்க போனு டிங்கு டிங்குன்னு கத்துது, எவன்டி அந்நேரத்துக்கு?" என்றாங்க. ராத்திரி அப்பா அனுப்பினது எல்லாம் மொத்தமாக வந்து விழுகிற சத்தம் அது. ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசல் திறக்கிற மாதிரி, சரியாக அந்த நேரத்துக்குத் திறக்கிறது. நோட்டில் எழுதினேன்: மூடுவது 6.30, திறப்பது 3.30. மொத்தம் 9 மணி நேரம். மாமா போட்டது ஒன்பதிலிருந்து ஆறு. அதுவும் 9 மணி நேரம்!

ஆக, மதகு அதேதான். இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி நடக்கிறது, அவ்வளவுதான். இரண்டரை, இரண்டரை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அம்மா அடுப்படியில் இருந்து, "மணி ஆறரை ஆச்சு, அப்பாவுக்கு அங்க ஒம்பது, கூப்பிட்டுப் பாப்பாரு, எடுக்க முடியாது" என்று புலம்பினாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்க வீட்டுப் பெட்டி சிங்கப்பூர் மணியில் ஓடுது!

சனிக்கிழமை சத்திரம் போய் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து, நோட்டோடு மாமா கடைக்கே போய்விட்டேன். கடையில் ஆதார் கார்டு பிரிண்ட் எடுக்கிற கூட்டம். முதலில் "போம்மா, சாயந்திரம் பேசலாம்" என்றார். நோட்டை விரித்து வைத்தேன். 6.30, 3.30, 9 மணி நேரம். பார்த்தார். பிரிண்டரை நிறுத்தினார். "இதை நீயா எழுதின?" என்றார். "ஆமா மாமா." "நான் டைம் பாக்கவே இல்லம்மா. தப்பு என்னோடது." பெரியவங்க இப்படிச் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. ஒரு வேஸ்ட் பேப்பரில் பெயரும் பாஸ்வேர்டும் எழுதிக் கொடுத்தார். "நேரத்தை மட்டும் மாத்து. வேற எதையும் தொடாத."

வீட்டுக்கு வந்து அம்மா போனிலேயே 192.168.1.1 என்று அடித்தேன். இது வெளி உலக முகவரி இல்லை. எல்லா வகுப்பிலும் மூன்றாவது பெஞ்ச் என்று ஒன்று இருப்பது மாதிரி, ஆயிரக்கணக்கான வீடுகளில் ரவுட்டருக்கு இதே எண்தான். உள்ளே போனால் எல்லாம் இங்கிலீஷ். தேடித் தேடி நேரம் இருக்கிற பக்கத்தைப் பிடித்தேன். கிரீன்விச்சுக்கு 8 மணி நேரம் கூட என்று இருந்தது. அது சீனாவின் நேரம், சிங்கப்பூருக்கும் அதே நேரம்தான். பெட்டியின் அடியில் சீனாவில் செய்தது என்று ஸ்டிக்கர் இருக்கிறது. முதலில் வைத்த நேரத்தை யாரும் மாற்றவே இல்லை போல. நமக்கு ஐந்தரை மணி நேரம்தான் கூட. 82½ டிகிரி கிழக்கு, மிர்சாபூர் வழியாகப் போகும் ரேகை என்று சமூக அறிவியலில் மனப்பாடம் செய்தோமே, அது இதற்கு உதவும் என்று யார் கண்டார்கள்! பட்டியலில் 5.30க்கு நேராக நம்ம சென்னை பெயரே இருந்தது. அதைத் தொட்டேன்.

இன்னொரு விஷயம். பெட்டியை அணைத்துப் போட்டபோது அதில் தேதி 1970 ஜனவரி 1 என்று காட்டியது. எங்க அப்பாவே பிறக்காத வருஷம்! பயந்துவிட்டேன். மாமாவிடம் கேட்டதற்கு, அந்தப் பெட்டிக்குள் கடிகார பேட்டரி கிடையாது, கரண்ட் போனால் மணியை மறந்துவிடும், நெட்டில் இருந்து மணியைக் கேட்டுச் சரிசெய்கிற வரை அப்படித்தான் காட்டும் என்றார். கம்ப்யூட்டர்கள் நொடிகளை எண்ண ஆரம்பிக்கிற நாள் அதுவாம். கரண்ட் போய் வந்தால் ஐந்து நிமிஷம் விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

பூட்டு போட்ட பக்கத்தையும் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியுமா? ஒரே ஒரு வரி இருந்தது. ஒவ்வொரு போனுக்கும் 12 எழுத்தில் ஒரு மேக் முகவரி உண்டு, 0 முதல் 9 வரை எண்களும் ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் கலந்து. அந்த முகவரியைப் போட்டு, பக்கத்தில் 'பாப்பா' என்று பெயர் வைத்திருந்தார் மாமா. அதற்குப் பக்கத்தில் அழிக்கிற பொத்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அதன் மேல் விரலை வைத்தேன். அமுக்கவில்லை. நல்ல பிள்ளை என்பதால் இல்லை, மாமா அடுத்த வாரம் வந்து பார்த்தால் மாட்டிக்கொள்வேன் என்ற பயம்தான்.

ஆனால் அந்த ஒற்றை வரியைப் பார்த்ததும் எனக்கு வேறு கோபம் வந்தது. அது 'பாப்பா' போனே இல்லை, எங்க அம்மா போன்! அம்மாவின் குழு மெசேஜ், சித்தி பேசுவது, எல்லாமே 12 நாளாக ஆறரைக்கு நின்றிருக்கிறது. அம்மா அதைக் கேட்டதும், "என் போனுக்கே பூட்டா?" என்று சிரித்தாங்க, பிறகு சிரிக்கவில்லை. அண்ணன் போன் அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. அவனும்தான் ராத்திரி ஒரு மணி வரைக்கும் பார்க்கிறான். அவனுக்கு அரியர் இருக்கிறது, எனக்கு 41தான்.

திங்கள்கிழமை சமூக அறிவியல் டீச்சரிடம் கேட்டேன், பெண் பிள்ளைகள் போனுக்கு மட்டும் பூட்டு போடலாமா டீச்சர் என்று. டீச்சர் ஒரு வழக்கைச் சொன்னாங்க. கேரளாவில் கோழிக்கோடு பக்கம் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில் சாயந்திரம் 6 முதல் ராத்திரி 10 வரை போன் தொடக்கூடாது என்று விதி. ஃபஹீமா ஷிரின் என்ற மாணவி, படிக்கிற நேரமே அதுதான், எனக்கு நெட் வேண்டும் என்று மறுத்தார். விடுதியை விட்டு வெளியேற்றினார்கள். அவர் கேரள உயர்நீதிமன்றத்துக்குப் போனார். 2019 செப்டம்பர் 19 அன்று நீதிபதி பி.வி.ஆஷா, இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் சேர்ந்தது என்று சொல்லி, அவரைத் திரும்ப விடுதியில் சேர்க்கச் சொன்னார். எனக்குக் கை தட்டலாம் போல இருந்தது.

வீட்டில் இதைச் சொன்னால் அம்மா, "அந்தப் பொண்ணு காலேஜு. நீ ஒம்பதாவது. ஆஸ்திரேலியாவுல பதினாறு வயசு வரைக்கும் அந்த ஆப்புல எல்லாம் கணக்கே வச்சுக்கக் கூடாதுன்னு 2025 டிசம்பர்லேர்ந்து சட்டம், டிவில சொன்னாங்கள்ல?" என்றாங்க. அதுவும் உண்மைதான். எனக்குப் பதில் தெரியவில்லை. எனக்கு ஒன்பது மணிக்குப் பூட்டு வேண்டாம் என்று நான் சொல்லவும் இல்லை. பூட்டு வந்த பிறகு சீக்கிரம் தூங்குகிறேன், இதை அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

நேரத்தை மாற்றிய அந்தச் சனிக்கிழமையைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. ஆறு இருபதுக்கே நானும் அம்மாவும் அப்பாயியும் போன் முன்னால் உட்கார்ந்துவிட்டோம். அப்பா வந்தார். அம்மா பேசாமல் நேராக என்னிடமே கொடுத்துவிட்டாங்க. 6.28. 6.29. நான் அப்பா முகத்தைப் பார்க்கவே இல்லை, மேலே இருக்கிற மணியைத்தான் பார்த்தேன். 6.30. 6.31. போகவில்லை! "என்ன பாப்பா, அழுவுற?" என்றார். நோட்டைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். "நீதான் கட் பண்றேன்னு நெனச்சிட்டேன்மா. ரூம்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், எம் பொண்ணு கோவமா இருக்குன்னு" என்றார். அப்புறம் போனைத் திருப்பி ரூமில் இருந்தவர்களிடம், "ஏங்க, எம் பொண்ணு ரவுட்டரு சரி பண்ணிருச்சுங்க" என்று கத்தினார். பின்னால் யாரோ கை தட்டினார்கள். சாம்பார் கொதிக்கிற சத்தமும் கேட்டது.

அண்ணன் விஷயத்தை நான் அடுத்த வாரம்தான் கேட்டேன். பயந்துகொண்டேதான் கேட்டேன். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, எல்லார் போனுக்கும் போடச் சொல்லு. ஒம்பதரை. அம்மாவுக்கு வேணாம்" என்றார். அம்மா தனியாக ஒரு பழைய போனை எனக்குப் படிக்க ஒதுக்கிக் கொடுத்தாங்க, அந்த முகவரிக்கு இப்போ பூட்டு. அம்மா போனுக்கு எதுவும் இல்லை. அண்ணன் முகவரியையும் மாமா மேற்பார்வையில் நானே ஏற்றினேன். அவன் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி பத்து மணிக்கு அவன் போனில் பாட்டு ஓடுகிறது. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் போன்கள் தன் நிஜ முகவரியை மறைத்து வேறு முகவரி காட்ட முடியுமாம். வெளி இடங்களில் யாரும் நம்மைப் பின்தொடரக் கூடாது என்பதற்காக வைத்த வசதி. அண்ணன் அதை மாற்றிவிட்டான், பூட்டு பழைய முகவரியிலேயே தொங்குகிறது. எந்த இடத்தில் மாற்றுவது என்று இங்கே எழுத மாட்டேன், சார் எல்லாரும் படிப்பாங்க. இதைத் தடுக்கப் பட்டியலைத் தலைகீழாக்க வேண்டும், சேர்த்த போன் மட்டும்தான் உள்ளே வரும் என்று வைக்க வேண்டும் என்கிறார் மாமா. ஞாயிற்றுக்கிழமை வருகிறார். உங்கள் வீட்டில் யாராவது இதைச் செய்து பார்த்திருந்தால் அதற்குள் 9-ஆ வகுப்பில் வந்து எனக்குச் சொல்லவும். இரண்டாவது பெஞ்ச், ஜன்னல் ஓரம்.

— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி